வலிவாங்கி

காலை பத்தே கால் ஆனதும் ரகுநந்தனின் வலது மோதிர விரல் சாகத் தொடங்கும். பதினோரு நாளாக இதே கதை. அந்தச் செய்தி அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். உறைந்துபோன அருவியில் எண்பதடி உயரத்தில் இரண்டு கோடரிகளைக் கொத்தித் தொங்கியபடி அவர் "செம வியூ" என்று கத்திக்கொண்டிருப்பார். நான் கீழே கூடாரத்துக்குள், ஹீட்டர் பக்கத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அவருடைய விரலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"சார், வலது மோதிர விரலு. கையக் கீழ தொங்கப் போட்டு உதறுங்க" என்பேன் மைக்கில்.

"அப்படியா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்பார்.

தெரியாதுதான். தெரிந்தால் நான் எதற்கு?

என் பெயர் ஜெபமாலை. ஊர் தூத்துக்குடி. பதினெட்டு வருடம் இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு இறால் உரித்தவள். இப்போது மூன்று குளிர்காலமாக, பிறத்தியார் கைக்குப் படும் குளிரை என் கையில் வாங்குகிறேன். கம்பெனிக்காரர்கள் இதற்கு உணர்வுத் துணைவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாயில் வைத்தால் கரைந்துவிடும் போல ஒரு பெயர். நாங்கள் வைத்த பெயர் வலிவாங்கி.

இந்த வேலைக்கு ஆள் எடுக்க எங்கள் இறால் கொட்டகைக்கு வந்தவர் பிரமோத், கம்பெனியின் மேனேஜர். ஸ்பித்தி பள்ளத்தாக்கில் பனி ஏறக் கற்றுக்கொடுக்கிறார்களாம், குளிர்காலத்தில், பன்னிரண்டு நாள் கோர்ஸ். ஏற வருகிறவர்கள் எல்லாம் பெரிய பெரிய உத்தியோகம். கை வலி தாங்காமல் மூன்றாம் நாளே மூட்டை கட்டிவிடுகிறார்களாம்.

"ஊசி கீசி போட்டு மரத்துப்போவ வைக்க வேண்டியதுதானே?" என்று கேட்டாள் என் பக்கத்தில் இருந்த எஸ்கலின்.

"வெச்சுப் பார்த்தோம்மா. முதல் வருஷமே மூணு பேருக்கு விரல் போச்சு. வலி இல்லேன்னா விரல் சாகறது யாருக்குமே தெரியாது. வலிய அணைக்க முடியாது, இடம் மாத்தத்தான் முடியும். அவங்க கையில ஒரு பட்டை, உங்க கையில ஒரு பட்டை. யாராவது ஒருத்தர் பட்டே ஆகணும்."

"அத எங்க தலையில கட்டுதிய" என்றாள் அவள்.

"தலையில இல்ல, கையில" என்று சொல்லிச் சிரித்தார் பிரமோத். தனக்கு ரொம்ப நகைச்சுவை வரும் என்று அந்த ஆளுக்கு ஒரு நினைப்பு.

ஒரு தொட்டியில் ஐஸ் தண்ணீரை ஊற்றிச் சோதனை வைத்தார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த நர்சுப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துக்கொண்டு அழுதார்கள். நானும் எஸ்கலினும் இருபது நிமிடம் கையை உள்ளே விட்டுக்கொண்டு, அவள் நாத்தனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்கள்.

பிரமோத் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவருக்கே தெரியாதோ என்னவோ. அந்தப் பட்டை வலியை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்காது. முழங்கைக்குக் கீழே என்னென்ன உணர்வு உண்டோ அத்தனையையும் சேர்த்து எனக்கு அனுப்பிவிடும். ஏறுகிறவருக்குத் தன் கை மரக்கட்டை. கண்ணால் பார்த்துத்தான் கோடரியைப் பிடிக்க வேண்டும். எனக்கோ அவருடைய உள்ளங்கையில் நடப்பது எல்லாம் தெரியும். கெட்டியான பனியில் கோடரி இறங்கினால் மணிக்கட்டில் ஒரு குத்து, அதோடு நின்றுவிடும். உள்ளே பொள்ளலாக இருந்தால் கைப்பிடி நடுங்கும். ஓரமாகப் பெயரப் போகும் பனி என்றால் நடுக்கம் சுண்டுவிரல் பக்கம் வரும். ஒரு குளிர்காலத்திலேயே இதெல்லாம் எனக்குப் பாடம். என் கால் மட்டும் பனியில் ஏறியதில்லை.

ரகுநந்தன் என் முப்பத்தோராவது கை. சென்னையில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி, நாற்பத்தெட்டு வயது, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறியிருப்பாரா என்பதே சந்தேகம். கூரையேறிக் கோழி பிடிக்காதவன் வானமேறி வைகுண்டம் காட்டினானாம். அந்த வைகுண்டத்தை நான் மூன்று வருடமாகப் பார்த்துவருகிறேன்.

மூன்றாம் நாள் அவர் ஒரு பொள்ளல் பனியில் கோடரியைக் கொத்திவிட்டு முழு உடம்பையும் அதில் தொங்கவிடப் போனார். விரல் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் என்பது கம்பெனி சட்டம். பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"சார், அது பிடிக்கல. கொஞ்சம் மேல இன்னொண்ணு அடிங்க."

அவர் கோடரியைப் பிடுங்கிய இடத்தில் அம்மிக்கல் அளவு பனி பெயர்ந்து விழுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கொத்துக்கும் "இது ஓகேவாம்மா?" என்று என்னைத்தான் கேட்பார். நானும் சொல்லுவேன். பிரமோத் முதலில் முறைத்தார். கஸ்டமர் சந்தோஷமாக இருக்கிறார் என்று தெரிந்ததும், "நல்லாருக்கு, கன்டினியூ பண்ணுங்க" என்றார்.

இறங்கி வந்த பிறகுதான் உண்மையான வேதனை. உறைந்த விரலுக்குள் இரத்தம் திரும்ப வரும் நேரம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் நினைக்கமாட்டேன். நகத்துக்கு அடியில் நெருப்பு வைத்தது போல இருக்கும். அந்த நேரத்தில் ரகுநந்தன் வெளியே காபி குடித்துக்கொண்டு, தான் ஏறிய அழகை மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பார். காபிக் கோப்பையின் சூடு முதற்கொண்டு எனக்கு வந்து சேரும். காபி மட்டும் வராது.

பத்தாம் நாள் அவருடைய மகள் சம்யுக்தா சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயது, அதிகம் பேசாத பெண். பதினோராம் நாள் மதியம், சாப்பாட்டு மேசையில் ரகுநந்தன் தன் திட்டத்தைச் சொன்னார்.

"நாளைக்கு டெஸ்ட். பாஸானா லீட் சர்டிபிகேட். நாளன்னிக்கு நானும் சம்முவும் அந்தப் பக்கத்து அருவிக்குப் போறோம். நான் லீட், அவ கீழ கயிறு பிடிப்பா. சர்டிபிகேட் இருந்தா கைடே வேண்டாம்."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். லீட் என்றால் மேலேயிருந்து கயிறு கிடையாது. முதலில் ஏறுகிறவர் பனியில் திருகாணியை முறுக்கி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். பத்தடி மேலே போய்க் கை விட்டால் இருபதடி விழ வேண்டும், அதுவும் அந்தத் திருகாணி பிடித்தால். அவர் பெயர்க்கும் பனி எல்லாம் நேரே கீழே, கயிறு பிடித்து நிற்கும் பெண்ணின் தலைக்குத்தான் வரும். கயிறு கையில் இருப்பதால் அவள் ஓடவும் முடியாது.

"பட்டை?" என்று கேட்டேன்.

"அது கம்பெனிது. கோர்ஸ் முடிஞ்சதும் கொடுத்துடணும். குளிர்தானே, கொஞ்சம் பொறுத்துக்க வேண்டியதுதான்."

கொஞ்சமாம்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க கைக்கு ஐஸே தெரியாது."

"பதினோரு நாளா ஏறிட்டிருக்கேன்மா."

"ஏறினிய. கொத்துனது பிடிச்சிருக்கா இல்லியான்னு ஒரு தடவயாது நீங்களாச் சொல்லியிருக்கியளா? அந்தப் பிள்ள கீழ நிக்கப் போவுது சார்."

அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "ஜெபமாலை அம்மா என் கைய விட்டுப் பிரிய மனசில்லாம பேசறாங்க" என்றார். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சம்யுக்தா சிரிக்கவில்லை. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்ட கையோடு டோர்ஜேயிடம் போனேன். அவன் இந்த ஊர்க்காரன், கோர்ஸின் தலைமை வழிகாட்டி. என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பான். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் இரும்புகளை அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தான். என் இந்தி அரைகுறை, அவன் இந்தியும் அப்படித்தான். அதனால் எங்களுக்குள் சுற்றி வளைத்துப் பேச வழியில்லை.

"நாளைக்கு அந்த ஆளுக்குக் கையெழுத்துப் போடாதே" என்றேன்.

"படிவத்தில் எட்டுக் கேள்வி இருக்கிறது, தீதி. மேலே போனாரா, திருகாணி சரியா, முடிச்சு சரியா. யாருடைய கைக்கு வலித்தது என்று ஒரு கேள்வியும் இல்லை. நான் போடாவிட்டால் கம்பெனி வேறொருவனைப் போடச் சொல்லும்."

"அந்தப் பெண் செத்தால்?"

அவன் அரத்தை நிறுத்தினான். பிறகு மறுபடியும் ராவினான். நீயெல்லாம் ஒரு மனுசனா என்று தமிழிலேயே திட்டிவிட்டு வந்தேன். புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் டெஸ்ட். நல்ல வெயில், ஆனால் அந்த வெயிலில் ஒரு பப்படம்கூடக் காயாது. டோர்ஜே கீழே நின்று கயிறு பிடித்தான். சம்யுக்தா தள்ளி நின்று செல்போனில் படம் எடுத்தாள். நான் கூடாரத்தின் வாசல் துணியைத் தூக்கிக் கட்டிவிட்டு, அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

"இது ஓகேவாம்மா?"

"ஓகே சார்."

"இது?"

"பிடிக்கல. இடது பக்கமா ஒரு சாண் தள்ளி."

ஒவ்வொரு பதிலுக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல். நான் வாயை மூடிக்கொண்டால் ஆள் விழுவார். வாயைத் திறந்தால் ஆள் பாஸாவார், நாளைக்கு அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே நின்று கொத்துவார். இந்த லட்சணத்துக்கு இவரைக் கொண்டுவந்து நிறுத்தியதே நான்தான். மூன்றாம் நாள் அந்த அம்மிக்கல்லோடு விழுந்து, மேல் கயிற்றில் தொங்கி, நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் ஆளுக்குப் புத்தி வந்திருக்கும். பெரிய பரோபகாரி மாதிரி ஊட்டி வளர்த்துவிட்டேன்.

பட்டையோடு இணைத்த பெட்டி ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கும், அதில் ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. வலிவாங்கி மயங்கி விழப்போனால் மட்டும் அழுத்த வேண்டும். அழுத்தினால் கை அதன் சொந்தக்காரருக்கே திரும்பிப் போய்விடும். மூன்று வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை.

மூன்றாவது திருகாணியை அவர் முறுக்கினார். அது கடைசி வரை இறுகிப் போய் நின்றது என் உள்ளங்கையில் தெரிந்தது. யானையைக் கட்டினாலும் தாங்கும்.

"சார், கயித்த மாட்டிட்டியளா?"

"மாட்டிட்டேன்."

"அந்தத் திருகாணியிலேயே உங்களயும் நேரா மாட்டிக்கிட்டு உக்காருங்க. விரலு ரெண்டு செத்துக்கிட்டிருக்கு."

பொய் இல்லை. இரண்டு விரல் செத்துக்கொண்டுதான் இருந்தது. அவர் மாட்டிக்கொண்டு, பின்னால் சாய்ந்து வாகாக உட்கார்ந்தார். டோர்ஜே கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

"சார், உங்க கைய இனிமே நீங்களே வச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் குமிழை அழுத்தினேன்.

சட்டென்று என் விரல்களுக்குக் கம்பளியின் முரட்டு நூல் தட்டுப்பட்டது. அதே நேரத்தில் மேலே ரகுநந்தன் போட்ட சத்தத்தில் எதிர்மலையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அம்மா என்றார். கையை எடு என்றார். யாருடைய கையை என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு கோடரி கைநழுவிக் கீழே வந்து விழுந்தது. டோர்ஜே கத்திக் கத்தி, திருகாணியில் நேராக மாட்டியதை அவரே கழற்ற வைத்து, கயிற்றில் மெதுவாக இறக்கினான். எனக்குச் சிரிப்பு வந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை.

அவர் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு பனியில் முட்டி போட்டு, காலையில் தின்ற ரொட்டியை வாந்தி எடுத்தார். சம்யுக்தா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிரமோத் ஓடிவந்தார்.

"உங்களுக்கு வேலை போச்சு. இன்னிக்கே ஊருக்குக் கிளம்புங்க."

"கெளம்புதேன். இருந்து உங்க மூஞ்சியப் பாக்கவா போறேன்?"

ரகுநந்தன் பேச்சு வந்ததும் முதலில் என்னை நோக்கித்தான் கைநீட்டினார். நீட்டிய கையை உடனே கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். "வேணும்னே பண்ணாங்க. பன்னெண்டு நாள் உயிரக் கொடுத்து ஏறினவன் நான்."

அதற்கு மேல் என் வாய் நிற்கவில்லை. "நீங்க எங்க சார் ஏறினிய? உங்களத் தூக்கிக்கிட்டு நாம்லா ஏறினேன். உங்கள மாதிரி முப்பது பேர ஏத்திவிட்டிருக்கேன். இந்த மலையில நெசமா ஏறத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

"அப்போ ஏறிக் காட்டுங்க ஆன்ட்டி" என்றாள் சம்யுக்தா.

அவள் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே பார்க்க நினைத்தாள். எனக்கும் அதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்று வருடமாக உள்ளுக்குள் பொங்கிக்கொண்டிருந்த ஆசை. கம்பளியை வீசிவிட்டு எழுந்தேன். டோர்ஜே, முதல் நாள்காரர்கள் பழகும் முப்பதடிச் சரிவுக்கு என்னைக் கூட்டிப்போனான். மேலேயிருந்து கயிறு போட்டான். பூட்ஸில் முள் இரும்பை மாட்டிவிட்டான்.

முதல் கோடரியைக் கொத்தினேன். மணிக்கட்டில் ஒரே குத்து, அப்படியே நின்றது. இரண்டாவதும் அப்படித்தான். டோர்ஜேயின் புருவம் ஏறியது. பார்த்தீர்களா என்று திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலது காலைத் தூக்கிப் பனியில் உதைத்தேன்.

கால் நிற்கவில்லை. முள் பனியைச் சுரண்டிக்கொண்டு கீழே வந்தது, முட்டி போய் மோதியது. மறுபடி உதைத்தேன். இரண்டு காலும் ஒன்றாக வழுக்கின. கோடரி இரண்டும் அம்சமாகப் பிடித்திருக்க, நான் அதில் துவைத்துப் போட்ட சேலை மாதிரி தொங்கினேன். கை தளர்ந்தது, கயிற்றில் விழுந்தேன். இரண்டாம் முறையும் விழுந்தேன். மூன்றாம் முறை என் உயரத்தைக்கூட நான் தாண்டவில்லை.

"குதிகாலக் கீழ இறக்குங்க."

சொன்னது ரகுநந்தன். கை இன்னும் கக்கத்தில்தான் இருந்தது, கண்ணில் தண்ணீர் காயவில்லை. "குதிகால் மேல தூக்கினா முள்ளு பிடிக்காது. பாதத்தத் தட்டையா வைங்க. தொடையிலேருந்து உதைக்காதீங்க, முட்டியிலேருந்து உதைங்க."

சொன்னபடி செய்தேன். கால் நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு மறு காலைத் தூக்கியதும் பழையபடி விழுந்தேன்.

"காலுக்குப் பட்டை கிடையாது, தீதி" என்றான் டோர்ஜே. "அதை அவரேதான் கற்றார். பன்னிரண்டு நாள் அந்தக் காலை நான் திட்டித் திட்டித் திருத்தியிருக்கிறேன். பனியில் ஏறுவது காலால்தான். கை சும்மா பிடித்துக்கொள்வதற்கு."

மூன்று வருடம். முப்பத்தோரு பேர். அத்தனை பேரையும் அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்துகொண்டு மனதுக்குள் காறித் துப்பியிருக்கிறேன். எஸ்கலினிடம் அவர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன். காலைப் பற்றி ஒரு நாள்கூட யோசித்ததில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டே வெட்கத்தில் செத்துப்போனேன். பிரமோத்தின் மூஞ்சியை மட்டும் அப்போது பார்க்கக் கூடாது என்று பனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோர்ஜே என்னை இறக்கிவிட்டான்.

"அப்பா" என்றாள் சம்யுக்தா. "நாளைக்கு நான் உங்களுக்குக் கயிறு பிடிக்கல."

"சம்மு, கால் சரியா வெச்சா…"

"உங்களுக்குக் கை தெரியல. ஆன்ட்டிக்குக் கால் தெரியல. உங்க ரெண்டு பேரையும் நம்பி நான் கீழ நிக்கமாட்டேன்." பிறகு டோர்ஜேயிடம் இந்தியில் கேட்டாள், "எனக்கு முதல் நாளிலிருந்து சொல்லித் தருவீர்களா? பட்டை வேண்டாம்."

"இல்லம்மா, நம்ம பாலிசிப்படி பட்டை இல்லாம…" என்று பிரமோத் தொடங்கினார். டோர்ஜே அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து அவள் இடுப்பில் கட்டினான்.

"சம்மு, அது எப்படி வலிக்கும்னு உனக்குத் தெரியாதுடா" என்றார் ரகுநந்தன். இந்தப் பன்னிரண்டு நாளில் அந்த ஆள் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு அதுதான்.

அவள் ஏறினாள். ஏறினாள் என்று சொல்ல ஒன்றுமில்லை. பத்தடிக்கு அரைமணி நேரம். ஒவ்வொரு கொத்துக்கும் கோடரியை ஆட்டிப் பார்த்து, காதைச் சாய்த்துக் கேட்டு, பிடுங்கி, மறுபடி கொத்தினாள். ஒரு பொள்ளலை அவள் தொட்டதும் 'பிடிக்கல' என்ற சொல் எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அவளாகவே பிடுங்கி வேறு இடத்தில் கொத்தினாள்.

இறங்கி வந்து கையுறையைக் கழற்றினாள். விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு முகம் மாறியது. அப்படியே பனியில் உட்கார்ந்து, கையை மடியில் போட்டுக்கொண்டு குனிந்தாள். சத்தம் வராமல் உதட்டைக் கடித்தாள். அதுவும் முடியாமல் அழுதாள்.

நான் அவள் எதிரில் முட்டி போட்டேன். வாங்கிக்கொள்ள அவள் கையில் பட்டை இல்லை.

"ஆன்ட்டி, எவ்ளோ நேரம் இப்படி இருக்கும்?"

"ரெண்டு நிமிசம், பிள்ள. அவ்வளவுதான்."

அதைவிட அதிகம் ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு ரகுநந்தனுக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை.